தாசரஹள்ளியின் கோல் கீப்பர்

என் மகள் யசோதரா ஐஸ் ஹாக்கியில் கோல் கீப்பர். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு ஒரு கேள்வி வரும்: "பெங்களூர்ல ஐஸ் எங்கப்பா?" நியாயமான கேள்விதான். நானும் பல வருஷம் அதையே கேட்டேன். இந்த ஊரில் ஐஸ் மீன் கடையில் உண்டு, கரும்புச்சாறு வண்டியில் உண்டு. அதை விட்டால் ஒரு மாலுக்குள், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுக்கு ஓர் ஐஸ் தளம் உண்டு. அங்கே பழகியவள்தான் லடாக்கில் இருக்கும் லே வரைக்கும் போய், சம்பளம் வாங்கி ஆடுகிற ஆட்டக்காரி ஆனாள். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது என்ன பங்கு என்பதை நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வேறு யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

என் பெயர் அசோகன். கோலார் தங்கவயல்காரன். அப்பா பூமிக்கடியில் வெந்துகொண்டு பாறை உடைத்தார். சுரங்கத்தை மூடியதும் நான் ஐ.டி.ஐ. சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறினேன். கொஞ்ச காலம் தினமும் போய்வந்தேன், கல்யாணம் ஆனதும் தாசரஹள்ளியில் வீடு பிடித்தேன். பக்கத்துப் பீன்யா தொழிற்பேட்டையின் இரண்டாவது ஸ்டேஜில் ஒரு டூல் ரூமில் சர்ஃபேஸ் கிரைண்டிங் மெஷின் என் பொறுப்பு. இரும்புத் துண்டை மேசையில் காந்தத்தால் பிடித்துவைத்து, சுழலும் கல்லுக்கு அடியில் விட்டுத் தேய்த்துச் சமதளமாக்குவதுதான் வேலை. இரண்டு மைக்ரானுக்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் அது என் வேலை இல்லை. ஒரு தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் வரும். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்வேன் என்று என் மனைவி தமயந்தி சொல்வாள்.

தமயந்தியும் பீன்யாவில்தான், கார்மெண்ட்ஸில் வேலை. சனிக்கிழமை இரண்டு பேருக்கும் டியூட்டி. ஒன்பது வயதுப் பெண்ணை வீட்டில் தனியாக விட முடியாமல்தான் பார்க்கில் நடக்கும் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தோம். விளையாட்டு வீராங்கனை ஆக்கும் திட்டமெல்லாம் ஒன்றும் கிடையாது. அங்கே சொல்லிக்கொடுத்த ஷ்ரேயாஸ் என்ற பையனுக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். சக்கர ஸ்கேட்ஸில் ஓட்டப்பந்தயம் வைத்தால் யசோ கடைசியில் வருவாள். கடைசிக்கு முன்னால் வருகிறவளுக்கும் இவளுக்கும் நடுவே ஒரு டீ குடிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஹாக்கி ஆடத் தொடங்கியபோது, கோலுக்கு முன்னால் நிற்க ஒருவரும் வரவில்லை. ஷ்ரேயாஸ் இவளை நிறுத்தினான். பந்து முகத்துக்கு நேராக வந்தது. மற்ற பிள்ளைகள் கண்ணை மூடுவார்கள், இவள் மூடவில்லை.

"அங்கிள், இவ கண்ண மூடல. அது சொல்லிக் குடுத்து வர்றதில்ல," என்றான் ஷ்ரேயாஸ்.

அடி வாங்குவதற்கு ஒரு பயிற்சி, அதற்கு ஃபீஸ் வேறு என்று நான் முணுமுணுத்தேன். முணுமுணுத்தாலும் கை சும்மா இருக்கவில்லை. கோல் கீப்பருக்கு வேண்டிய சாமான்களைக் கடையில் விசாரித்தபோது தலை சுற்றியது. பீன்யாவில் இருந்துகொண்டு கடையில் வாங்குவதா? கால் பேடுகளுக்கு மெத்தைக் கம்பெனியில் கெட்டி ஃபோம் கேட்டு வாங்கினேன். மேலே ரெக்சினை தமயந்தி தைத்தாள். முகக்கவசத்துக்கு எஃகுக் கம்பிகளை வளைத்து நானே வெல்டு வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு யசோ நின்றால் சின்ன பீரோ ஒன்று நிற்பதுபோல இருக்கும். அந்தக் கவசத்தில் எத்தனையோ பந்து பட்டது, ஒரு வெல்டுகூட விடவில்லை. ஐந்து வருஷம் தாங்கியது. அதனால் அவள் சாமான்களுக்கு நான்தான் என்ஜினியர் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது.

பதினைந்து வயதில் சக்கர ஹாக்கியில் கர்நாடக அணிக்கு வந்தாள். பதினேழில் ஷ்ரேயாஸ் அவளை மாலுக்கு அழைத்துப்போய் ஐஸில் இறக்கினான். அங்கே வாடகை ஸ்கேட்ஸ்தான். சக்கரம் இல்லை, அடியில் ஒரு நீள பிளேடு இருக்கும். ஐஸில் கோல் கீப்பர் நின்றபடியே பக்கவாட்டில் ஓர் உந்து உந்துவாள், கோலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு உடம்பு போய்விடும். யசோ அதைப் படிக்க ஒரு வருஷம் ஆனது. பி.காம். படித்துக்கொண்டே விடியற்காலையில் மெட்ரோ பிடித்துப் போவாள். மால் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இவர்களுக்குத் தளத்தைக் கொடுப்பார்கள்.

பத்தொன்பது வயதில் தேசியப் போட்டிக்குப் போனாள். கர்நாடகம் லடாக் பெண்களிடம் பதினான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. பேப்பரில் வந்திருந்தால் வெட்கக்கேடு, நல்லவேளை, வரவில்லை. ஆனால் லடாக் பயிற்சியாளர் ரிக்சின் வேறு கணக்கு வைத்திருந்தார். கோலை நோக்கி வந்த அடிகள் எழுபது. அதில் ஐம்பத்தாறை இந்தப் பெண் தடுத்திருக்கிறாள். லேயில் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கும் லீக் ஒன்று தொடங்கப்போகிறது, இரண்டு நாள் தேர்வுக்கு வா என்று அவரிடமிருந்து அழைப்பு வர அதுதான் காரணம்.

அழைப்பு வந்தபோது அவளுக்கு வயது இருபத்தொன்று. ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலையும் கிடைத்திருந்தது. தமயந்தி நேராகச் சொல்லிவிட்டாள்.

"இதான் கடைசி. எடுத்தாங்கன்னா போ, நான் குறுக்க நிக்கல. எடுக்கலன்னா அந்த பேடெல்லாம் லாஃப்ட்ல ஏத்திட்டு ஒண்ணாந்தேதி வேலையில சேர்ற. சும்னே சும்னே அலைய முடியாது."

"சரிம்மா," என்றாள் யசோ. அவள் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

ஷ்ரேயாஸ் டில்லியில் ஒரு பெண் பயன்படுத்திய கோல் கீப்பர் ஸ்கேட்ஸை வாங்கி வரவழைத்தான். யசோவின் முதல் சொந்த ஐஸ் ஸ்கேட்ஸ் அதுதான். வந்து சேர்ந்ததோ வியாழக்கிழமை. சனிக்கிழமை விமானம். பிளேடு மழுங்கியிருந்தது. மால் ஐஸ் தளத்தை அந்த மாதம் ரிப்பேருக்காக மூடியிருந்தார்கள், அங்கே தீட்டவும் வழியில்லை, போட்டுப் பார்க்கவும் வழியில்லை.

"கொஞ்சம் தீட்டணும்பா. ஷ்ரேயாஸ் அண்ணாவ கேக்கவா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் இரும்பைத் தேய்க்க என்னைவிட ஆள் யார்? "இன்னாத்துக்கு அவன்? குடு இங்க," என்று பையை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் பிளேடுகளைக் கழற்றி, மேடு பள்ளம் அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பார்த்ததும் டில்லிப் பெண்மேல் கோபம் வந்தது. நீளவாக்கில் பிளேடு வளைந்திருந்தது, நடுவில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் புடைத்து நின்றது. குறுக்கே பார்த்தால் நான்கு மில்லி அகலத்தில் நடுவே குழி, இரண்டு ஓரமும் மேடு. இப்படித் தேய்ந்துபோகும்வரை போட்டு மிதித்திருக்கிறாளே என்று நினைத்தேன். அவசரப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, குழி மறைய, புடைப்பு மறைய, இரண்டு மைக்ரானுக்குள் கொண்டுவந்தேன். கண்ணாடி மாதிரி ஆனது. பக்கத்து மெஷின் குணசேகர் எங்கள் ஊர்ப் பையன், இன்னும் தங்கவயலிலிருந்தே ரயிலில் வருகிறான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சக்கத்தா கீதுணா," என்று வியந்தான்.

ஐஸ் ஸ்கேட் பிளேடில் அந்தக் குழி தேய்மானம் இல்லை. அது வேண்டுமென்றே போடுவது. குழி இருந்தால்தான் இரண்டு ஓரங்களும் கூராக நின்று பனியைக் கடிக்கும், கடித்தால்தான் உந்த முடியும். அந்த நீளவாக்கு வளைவும் திரும்புவதற்காக வைத்ததுதான். எனக்குத் தெரியாது. தட்டை என்றால் நல்லது என்று இருபது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன் நான். ஷ்ரேயாஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யசோ அன்று மாலை பிளேடில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "எவ்ளோ பளபளன்னு இருக்குதுப்பா!" என்றாள். அதுவரை தீட்டுவது மால்காரர்கள் வேலை, இல்லையென்றால் போட்டிக்கு ஸ்கேட்ஸ் கொடுக்கும் மாநில ஹாக்கி சங்கத்துக்காரர்கள் வேலை. பிளேடின் அடிப்பக்கத்தை அவளும் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

லேயில் நடந்ததை நான் பின்னால்தான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். சேர்த்துச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் குளிருக்கும் மலையுயரத்து மெல்லிய காற்றுக்கும் உடம்பைப் பழக்க அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தேர்வு. கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் போய் நின்றாள். முதல் அடி இடது பக்கம் வந்தது. வலது காலால் உந்தினாள். கால் பனியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போக, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்தாள். அடுத்த அடிக்கும் அதேதான். பக்கத்தில் வேடிக்கை பார்த்த பெண்கள் முதலில் சிரித்தார்களாம், பிறகு பாவம் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்களாம். புதுக் குளிர், புது இடம், நம் உடம்புதான் சரியில்லை என்று யசோ நினைத்திருக்கிறாள். என் வேலைமேல் அவளுக்கு அந்த அளவு நம்பிக்கை. நாற்பது நிமிஷத்தில் பதினோரு கோல் விட்டாள்.

மதியம் அங்கே சாமான்களைக் கவனித்துக்கொள்ளும் நோர்பு என்பவர் அவள் ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்தார். குழி இருந்தால் அடியில் வெளிச்சம் தெரியும், இதில் துளிகூட இல்லை. அப்படி ஒரு பிளேடை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லையாம். ரிக்சினைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"யார் செய்தது இது?" என்று ரிக்சின் கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அதே தேர்வுக்கு வந்த இன்னொரு பெண்ணின் பெட்டி விமானத்தில் தொலைந்திருந்தது. அவள்மேல் தவறில்லை என்று ரிக்சின் அவளுக்குத் தனியாக ஒரு நாள் கொடுத்திருந்தார். தீட்டிக்கொடுத்த ஆள் கெடுத்துவிட்டான் என்று யசோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பதினோரு கோலும் அழிந்துபோயிருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"நான்தான் சார். வீட்டில் நானே தேய்த்தேன்," என்றாள்.

தன் ஸ்கேட்டைக்கூடச் சரியாக வைத்துக்கொள்ளாதவள் கோலை எப்படிக் காப்பாள் என்று ரிக்சின் எல்லோர் முன்னாலும் திட்டினார். முதல் நாள் கணக்கு அப்படியே நிற்கும் என்றும் சொல்லிவிட்டார். நோர்பு மனசு கேட்காமல், வளைவையும் குழியையும் கையாலேயே பார்த்துப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கு ஒரு மாலைப்பொழுது போனது.

மறுநாள் வந்த முப்பத்தெட்டு அடிகளில் இரண்டுதான் உள்ளே போனது. முதல் நாள் பதினொன்று இல்லையென்றால் அவள்தான் முதல் கீப்பர் என்று ரிக்சினே பின்னால் ஷ்ரேயாஸிடம் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கீப்பராக எடுத்தார்கள். இரண்டாவது கீப்பர் என்றால் கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கவேண்டும். முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால்தான் ஆட்டம். ஆனாலும் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, முதுகில் பெயர் உண்டு.

போன் வந்தபோது நான் குதித்த குதி கீழ்வீட்டு லட்சுமம்மாவை மாடிக்கு வரவழைத்தது. "பிளேடு எப்படி இருந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"நல்லா இருந்துச்சுப்பா," என்றாள் யசோ.

பிறகு இரண்டு மாதம் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, எழுதவே கூசுகிறது. டூல் ரூமில் டீ குடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு மைக்ரான் கதைதான். புதிதாகச் சேர்ந்த அப்ரெண்டிஸுகளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போதும் அதையே உதாரணமாகச் சொன்னேன். தெருவில் ஷ்ரேயாஸைப் பார்த்து, "உன் பசங்க பிளேடெல்லாம் கொண்டா, ஜல்தியா போட்டுத் தர்றேன், காசு வேணாம்," என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "இருக்கட்டும் அங்கிள், இப்போ எல்லாம் ஷார்ப்பா இருக்கு," என்று நழுவினான். என்ன மரியாதை தெரிந்த பையன், தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நினைக்கிறான் என்று வீட்டில் வந்து சொன்னேன். தமயந்தி எழுந்து உள்ளே போனாள்.

லீக்கின் மூன்றாவது ஆட்டத்தில் முதல் கீப்பருக்கு முட்டி பிசகியது. யசோ இறங்கினாள். அந்த ஆட்டம் தோல்வி, அடுத்ததும் தோல்வி. ஐந்தாவது ஆட்டம் ஒரு சனிக்கிழமை மதியம். டூல் ரூமில் சாப்பாட்டு நேரம். குணசேகர் தன் போனை மெஷின்மேல் சாய்த்துவைத்தான், ஆறு பேர் டிபன் டப்பாவோடு சுற்றி நின்றோம். சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் வெள்ளைத் தளம், அதில் என் மகள் குனிந்து நிற்கிறாள். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக வரும் கறுப்பு ரப்பர் வில்லை எங்கே இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அவள் கால் போகிற பக்கத்தைப் பார்த்துத்தான் வில்லையைக் கண்டுபிடித்தோம். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். கடைசி நிமிஷத்தில் மட்டும் மூன்று அடிகளைத் தடுத்தாள். நான் அழுதேன். ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண் அவளிடம் மைக்கை நீட்டி இந்தியில் கேட்டாள்: தேர்வின் முதல் நாளில் நீங்கள் பதினோரு கோல் விட்டீர்களாமே, பிறகு எப்படி இங்கே?

யசோ கவசத்தைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு சிரித்தாள். "என் தப்புதான். பிளேடை நானே தட்டையாகத் தேய்த்துவிட்டேன். தட்டையாக இருந்தால் நிற்கவே முடியாது, அது தெரியாமல் செய்துவிட்டேன்," என்றாள்.

எங்கள் எல்லோருக்கும் இந்தி புரியும். அதுதான் வம்பு. அந்த பிளேடைத் தட்டையாக்கியது யார் என்று அங்கே நின்ற ஆறு பேருக்கும், மனப்பாடமாக, மைக்ரான் கணக்கோடு தெரியும். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. குணசேகர் கையை நீட்டிப் போனை அணைத்தான்.

"டீ சாப்டலாம் வாணா," என்றான்.

நான் போகவில்லை. மெஷினையும் போடவில்லை. காது இரண்டும் எரிந்தது. முதலில் வந்தது வெட்கம். அது வெட்கமாகவே இருந்திருந்தால் பரவாயில்லை, வீட்டுக்குப் போவதற்குள் கோபமாக மாறிவிட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்று தமயந்தியிடம் கத்தினேன்.

"தெரியும்."

"ஷ்ரேயாஸுக்கு?"

"தெரியும்."

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு! என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கெல்லாம்?"

"கத்தாதீங்க. அவதான் சொல்லாதன்னா. சொன்னா நீங்க சோறு திங்காம சுவத்தப் பாத்துகினு உக்காருவீங்க, உங்கள யார் சமாளிக்கிறது?" என்றாள் தமயந்தி. பிறகு, "அவ வேலையே போயிருக்கும் உங்களால. போகல. போய் பேசுங்க," என்று என் போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

அவ வேலையே போயிருக்கும். அதைக் கேட்டதும்தான் கோபம் இறங்கியது. பன்னிரண்டு வருஷம் அவள் வாங்கிய அடியெல்லாம், அந்த விடியற்காலை மெட்ரோவெல்லாம், என் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் வீணாகியிருக்கும். போனைப் போட்டேன்.

"பாத்தியாப்பா மேட்ச்?" என்றாள்.

"பாத்தேன். அப்புறம் நீ பேசினதையும் கேட்டேன்."

விடாமல் நானே தொடர்ந்தேன்.

"ஏம்மா பொய் சொன்ன? அன்னிக்கே எங்கப்பா கெடுத்துட்டாருன்னு சொல்லியிருந்தா உனக்கு இன்னொரு நாள் குடுத்திருப்பாங்கல்ல?"

"குடுத்திருப்பாங்க."

"அப்புறம்?"

"அத்தினி பேர் நின்னுகினு இருந்தாங்கப்பா. அந்த பிளேட பாத்து சிரிச்சிகினு இருந்தாங்க. எங்கப்பா பண்ணதுன்னு எனக்கு சொல்ல வரல."

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. என் அப்பாவிடமும் கேட்டதில்லை, தமயந்தியிடம் நிச்சயமாக இல்லை. அன்றைக்கு என் மகளிடம் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை, ஆனால் கேட்டேன். "அய்ய, விடுப்பா," என்றாள் அவள்.

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. உடனே பழைய புத்தியும் வந்தது. அந்தக் குழிக்கு என்ன அளவு, எத்தனை மில்லி ஆரம் என்று விசாரித்தேன். கல்லை அந்த வளைவுக்குச் செதுக்கிக்கொண்டால் எங்கள் மெஷினிலேயே அச்சாக எடுக்கலாம், இந்தத் தடவை ஷ்ரேயாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்கிறேன், சீசன் முடிந்து வரும்போது ஸ்கேட்ஸை எடுத்து வா என்றேன்.



"வேணாம்பா. பிளேடு வேலைய இனிமே நோர்பு அண்ணாதான் பாப்பாரு. வேற யாரும் தொட வேணாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குமேல் கேட்க இடமில்லாத மாதிரி சொன்னாள். எனக்கு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். என் மகள் அப்படி ஒரு குரலில் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. சம்பளம் வாங்கி வேலை செய்கிற ஓர் ஆள் தன் சாமானைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

"சரிம்மா," என்றேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.